பேட்டரிக்கும் வேண்டும் அடையாளம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், பணிநேரம் முடியும் மாலைப் பொழுதில் ஒரகடம் சந்திப்பில் சற்று நேரம் நின்றால், நமது தொழில் வளர்ச்சியின் இரு முகங்களையும் ஒருசேரக் காணலாம். கார்களையும் லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் உருவாக்கும் ஆலைகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வரிசையாக வெளியேறுகின்றன. அவற்றுக்கு இடையே, பதிவெண் பலகை இல்லாத சிறு மின் ஸ்கூட்டர்களிலும் மின்மிதிவண்டிகளிலும் காவலாளிகளும், உணவகப் பணியாளர்களும், ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஓசையின்றிச் செல்கின்றனர்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் உரிமையாளரிடம் அண்மையில் பேச நேர்ந்தது. ஓர் ஆலையில் இரவுக் காவலாளியாகப் பணிபுரியும் அவர், வேறு மூவருடன் வாடகை அறை ஒன்றில் தங்கியிருக்கிறார். வண்டியுடன் வந்த ஈய-அமில பேட்டரி இரண்டு ஆண்டுகளில் பழுதாகிவிட்டது. பழுதுபார்க்கும் கடையில் அதை எடுத்துவிட்டு, எடை குறைந்த லித்தியம் பேட்டரியைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜர் மட்டும் பழையதே. புதிய பேட்டரியின் மீது '48 வோல்ட்' என்று ஒட்டியிருந்தது. தயாரித்தவர் யார், எப்போது தயாரிக்கப்பட்டது, எந்தச் சோதனையில் தேறியது என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. பகலில் நால்வரும் மாறி மாறி உறங்கும் அந்த அறையில், வாசற்கதவை ஒட்டித்தான் அது சார்ஜ் செய்யப்படுகிறது. வெளியேற வேறு வழி இல்லை.

'பேட்டரியைப் பார்த்து இது நல்லதா, கெட்டதான்னு நாங்க எப்படி சார் கண்டுபிடிக்கிறது?' என்று அவர் கேட்டார். எளிய கேள்வி. ஆனால், மின்வாகனப் பாதுகாப்பு குறித்த நமது சட்டங்கள் அனைத்தும் பதில் சொல்லத் தவறும் கேள்வியும் அதுதான்.

முதலில் அபாயம் எங்கிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். லித்தியம் பேட்டரி என்பது ஒரே பொருள் அன்று; பல சிறு மின்கலங்களின் தொகுப்பு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை மின்கலத்தை 4.2 வோல்ட் அளவுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. இத்தகைய மின்கலங்கள் 13-ஐத் தொடராக இணைத்தால், '48 வோல்ட்' எனப்படும் பேட்டரி கிடைக்கும். அது முழுமையாக நிரம்பும்போது 54.6 வோல்ட் இருக்கும்.

ஆனால், நான்கு ஈய-அமில பேட்டரிகளை இணைத்த தொகுப்பும் '48 வோல்ட்' என்றே அழைக்கப்படுகிறது. அதற்கான சார்ஜர் 58 வோல்ட் வரை மின்னழுத்தம் தரக்கூடும். லித்தியம் வகைகளுள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகக் கருதப்படும் இரும்பு பாஸ்பேட் வகையிலும், 16 மின்கலங்கள் கொண்ட '48 வோல்ட்' தொகுப்புக்கு 58.4 வோல்ட் சார்ஜர் தேவை. அத்தகைய சார்ஜரை 13 மின்கலத் தொகுப்பில் இணைத்தால் ஒவ்வொரு மின்கலத்தின் மீதும் 4.4 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் விழும். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று சரியாக இயங்கினால், அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மலிவுக்காக அந்த மின்சுற்றில் கைவைத்திருந்தால் தடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

அளவுக்கு மீறி சார்ஜ் ஆன மின்கலத்தில் உட்புறக் குறுக்குச் சுற்று ஏற்படலாம். அதில் உருவாகும் வெப்பம் வேதிவினையைத் தூண்டுகிறது; வேதிவினை மேலும் வெப்பத்தைப் பெருக்குகிறது. ஒரு மின்கலத்தின் வெப்பம் பக்கத்து மின்கலத்தையும் பற்றவைக்கிறது. எளிதில் எரியும் கரைப்பான்களும், நச்சுப் புகையும் சில நிமிடங்களில் சிறிய அறையைச் சூழ்ந்துவிடும். தயாரிப்புக் குறை, கீழே விழுந்த அதிர்ச்சி, நீர் புகுதல் ஆகியவையும் இதே முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

இதன் கொடுமையை நாடு 2022-இல் உணர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில், வேலூரில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். செப்டம்பரில் செகந்திராபாதில் மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களில் இருந்த தங்கும் விடுதியைச் சூழ்ந்ததில் எட்டுப் பேர் மாண்டனர். இடைப்பட்ட மாதங்களில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன.

மத்திய அரசு செயல்படவில்லை என்று கூற முடியாது. ஹைதராபாதில் உள்ள ஏஆர்சிஐ ஆய்வு மையத்தின் இயக்குநர் டாட்டா நரசிங்க ராவ் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து, இரு சக்கர, மூன்று சக்கர மின்வாகனங்களுக்கான 'ஏஐஎஸ்-156' தரநிலை திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. மின்கலத் தரம், கட்டுப்பாட்டு மின்சுற்று, சார்ஜர், நீர் புகாத உறை, ஒரு மின்கலத்தின் வெப்பம் மற்றவற்றுக்குப் பரவாமை என ஒவ்வொன்றுக்கும் கடும் நிபந்தனைகள் அதில் உள்ளன.

இத்தகைய சோதனைகளுக்கான மையங்களுள் ஒன்று, நாம் நின்றிருந்த ஒரகடத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதியில் இடம்பெற்றுள்ள சோதனை அமைப்புகளில் அதுவும் ஒன்று. அந்த மையம் இருக்கும் பகுதியிலேயே வசிக்கும் காவலாளியின் பேட்டரியை எந்தச் சோதனையும் தொடவில்லை. ஏன்?

விடை, அதே விதிகளின் 2(யு) பிரிவில் இருக்கிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, சோதனை அமைப்பு ஒன்று அதை உறுதிசெய்தால், அந்த வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகக் கருதப்படாது. மிதித்தால் மட்டும் மோட்டார் துணைபுரியும் மிதிவண்டிக்கும் இதையொத்த விலக்கு உண்டு.

இந்த விலக்கின் நோக்கம் நல்லது. ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடு கட்டாயமில்லை. குறைந்த வருவாய் உள்ளோருக்குச் சிக்கனமான போக்குவரத்து கிடைக்கிறது. பேருந்து வராத கிராமத்திலிருந்து ஆலைக்கு வரும் பெண்ணுக்கு, இந்த வண்டி வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பாலம். அதைப் பறிக்க வேண்டும் என்று எவரும் கூறமாட்டார்கள்.

ஆனால், 25 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதினால் சேதம் குறைவு என்பது, அதன் பேட்டரி எரிந்தால் சேதம் குறைவு என்று பொருள்படாது. வேகத்தை வைத்து வழங்கிய விலக்கு, தீயின் அபாயத்துக்கும் சேர்த்து விலக்காகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறைபாடுள்ள மோட்டார் வாகனங்களைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற வேண்டும் என்று ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்லாத ஒன்றுக்கு அந்த அதிகாரம் எட்டுவதில்லை. ஃபேம்-2 மானியத் திட்டம் மின் இரு சக்கர வாகனங்களுக்குக் குறைந்தபட்சம் 40 கி.மீ. வேகத்தை நிபந்தனையாக வைத்ததால், மானியத்தின் வழியாகத் தரத்தை வலியுறுத்தும் வாய்ப்பும் இவ்வண்டிகளைப் பொருத்தவரை இல்லாமல் போனது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019), அபாயகரமான பொருள்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழங்கியுள்ளது உண்மைதான். ஆனால் எதை, யாரிடமிருந்து திரும்பப் பெறுவது? பெயரும் எண்ணும் இல்லாத பொருளை எந்த ஆணையும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

அடையாள எண் என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தொழில் வட்டாரமே இரு சான்றுகளைத் தருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கிக்கொண்டிருந்த காலம். 2007 ஆகஸ்டில், மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்தளித்த 'பிஎல்-5சி' பேட்டரிகளில் 4.6 கோடி பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. பேட்டரியின் பின்புறத்தில் 26 எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறி இருந்தது. அதைச் சரிபார்த்தவர்கள், தங்கள் பேட்டரி ஐயத்துக்குரியதா, இல்லையா என அறிந்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ள முடிந்தது.

இரண்டாவது, இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில் பூட்டப்பட்ட கோனா மின்கார். 2020 டிசம்பரில், குறிப்பிட்ட காலத்தில் தயாரான 456 கார்களைப் பேட்டரி ஆய்வுக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. 2021 பிப்ரவரியில் உலக அளவில் ஏறத்தாழ 82,000 மின்வாகனங்களின் பேட்டரிகளை மாற்றித்தர முன்வந்தது. அதற்கான செலவு சுமார் ஒரு லட்சம் கோடி வோன் என மதிப்பிடப்பட்டது. எந்தக் கார், யாரிடம் உள்ளது, அதன் பேட்டரி எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பது பதிவில் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

ஆக, பல லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்கியவருக்குக் கிடைத்த பாதுகாப்பும், சில ஆயிரம் ரூபாய் கைப்பேசி வாங்கியவருக்குக் கிடைத்த பாதுகாப்பும், நமது காவலாளிக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கைப்பேசி பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அதைவிடப் பல மடங்கு ஆற்றலைச் சேமித்துவைக்கும் வண்டி பேட்டரியோ பெயரின்றியே கடையில் கைமாறுகிறது.

இதைச் சந்தை தானே சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். பொருளியல் வகுப்பில் நான் பல ஆண்டுகள் கற்பித்த பாடம் ஒன்று இங்கே பொருந்தும். ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் எழுதிய, பழைய கார் சந்தை பற்றிய கட்டுரை அது. பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அது முக்கியக் காரணமாயிற்று. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை தரமான பொருளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே, நல்ல பொருள் சந்தையிலிருந்து விலகும். மட்டமானது நிலைத்து நிற்கும்.

பேட்டரிச் சந்தையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளித்தோற்றத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. குறையுள்ள பேட்டரியும் பல மாதங்கள் நன்றாகவே இயங்கும். குறை வெளிப்படும் நாளில், விலையைச் செலுத்துபவர் வாங்கியவர் மட்டுமல்லர். பக்கத்து அறையில் உறங்குபவரும், மேல்தளத்தில் குடியிருப்பவரும் செலுத்துகின்றனர். இத்தகைய புறவிளைவு உள்ள இடத்தில் அரசின் தலையீடு இன்றியமையாதது என்பதைத் தாராளச் சந்தையின் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை.

பிற நாடுகள் இதே பாதையில் அடிபட்டுத்தான் பாடம் கற்றன. உணவு விநியோகத் தொழிலாளர்கள் மின்மிதிவண்டிகளைப் பெருமளவில் பயன்படுத்தும் நியூயார்க் நகரில், 2023-இல் லித்தியம் பேட்டரி தீ விபத்துகளில் 18 பேர் இறந்தனர். சான்று பெறாத மின்மிதிவண்டிகளையும் பேட்டரிகளையும் விற்கத் தடைவிதிக்கும் சட்டம் அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் தீ விபத்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முந்தைய ஆண்டின் அளவிலேயே இருந்தபோதும், உயிரிழப்பு ஆறாகக் குறைந்தது. சட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; பேட்டரியைக் குடியிருப்புக்கு வெளியே வைக்கும் விழிப்புணர்வும் அங்கே பரவியது.

சீனாவின் நான்ஜிங் நகரில், 2024 பிப்ரவரியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிறுத்தப்பட்ட மின்மிதிவண்டிகளில் தொடங்கிய தீ 15 உயிர்களைக் குடித்தது. அதே ஆண்டு நவம்பர் முதல், மின்மிதிவண்டிகளின் லித்தியம் பேட்டரிக்கெனத் தனியே கட்டாயத் தரநிலையை அந்நாடு நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம், மின்மிதிவண்டி போன்ற இலகு வாகனங்களின் பேட்டரிகளுக்கும் 2027 பிப்ரவரி முதல் எண்மக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. இம்மூன்று இடங்களிலும் உள்ள பொதுத்தன்மையைக் கவனிக்க வேண்டும். மிதிவண்டியை அவர்கள் மோட்டார் வாகனமாக்கவில்லை. பேட்டரியையே தனிப் பொருளாகக் கருதி ஒழுங்குபடுத்துகின்றனர்.

நமக்கும் அதுவே ஏற்ற வழி. 2(யு) பிரிவின் விலக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால், வண்டியுடன் விற்கப்பட்டாலும் தனியே விற்கப்பட்டாலும், ஒவ்வொரு லித்தியம் பேட்டரிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைக் கட்டாயமாக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், மின்கல வகை, எந்த வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம் என்ற அளவு, தனி அடையாள எண் ஆகியவை அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். வெறும் '48 வோல்ட்' என்ற குறிப்பு போதாது. ஒரு வகைக்கான சார்ஜர் மற்றொரு வகையில் பொருந்தாதபடி இணைப்பான்களின் வடிவத்தையே வேறுபடுத்துவதும் செலவு குறைந்த தீர்வு.

இது நம் மக்களுக்குப் புதிதன்று. சமையல் எரிவாயு உருளையின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். அந்த உருளைக்கு அடுத்த சோதனை எந்தக் காலாண்டில் என்பதை அது சொல்லும். எரியக்கூடிய பொருளை அடுக்களைக்குள் அனுமதித்தபோது, அதன் வரலாற்றையும் அதன்மீதே எழுதிவைத்தோம். பேட்டரிக்கும் அந்த ஒழுங்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

செலவு கூடும், சிறு தயாரிப்பாளர்கள் நசிவார்கள் என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. சோதனைக் கட்டணம் பெரிய நிறுவனத்துக்குச் சிறு தொகை. சில நூறு பேட்டரிகள் மட்டும் செய்பவருக்கு அது பெரும் சுமை. வண்டிக்கு மானியம் கொடுத்த அரசு, சோதனைக்கும் மானியம் கொடுக்கலாம். ஒரகடம் மையத்தின் வசதிகளைக் குறு, சிறு நிறுவனங்கள் சலுகைக் கட்டணத்தில் பயன்படுத்த மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யலாம். பழைய, அடையாளமற்ற பேட்டரியை ஒப்படைப்பவருக்குத் தள்ளுபடி வழங்குவதை, பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் (2022) தயாரிப்பாளர் மீது சுமத்தும் சேகரிப்புப் பொறுப்புடன் இணைக்கலாம். அப்படிச் செய்யாமல் தடை மட்டும் விதித்தால், ஏழைகள் கையில் உள்ள ஆபத்தான பேட்டரிகள் மறைவாகத் தொடரவே செய்யும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்களும் உண்டு. தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் சிப்காட்டும், ஆலை நிர்வாகங்களும் வாகன நிறுத்தங்களில் திறந்தவெளிக் கூரையின்கீழ் சார்ஜ் வசதி செய்துகொடுத்தால், பணிநேரத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும். உறங்கும் அறைக்குள் அது நுழைய வேண்டியதில்லை. விடுதி நடத்துவோர் வாயிலை அடைத்தவாறு சார்ஜ் போடுவதைத் தடுக்க வேண்டும். பயன்படுத்துவோரும் அந்தப் பேட்டரிக்கென வழங்கப்பட்ட சார்ஜரையே பயன்படுத்துதல், உப்பிய, அடிபட்ட அல்லது வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதிருத்தல் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலந்தோறும் நீரில் நிற்கும் நமது புறநகர்ப் பகுதிகளில் இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

இவற்றையெல்லாம் மின்வாகனங்களுக்கு எதிரான வாதமாகக் கொள்ளக் கூடாது. பெட்ரோல் வண்டிகளும் தீப்பற்றுகின்றன. அதற்காக எவரும் அவற்றைக் கைவிடவில்லை. காற்றின் தூய்மைக்கும், எரிபொருள் இறக்குமதிச் செலவைக் குறைப்பதற்கும் மின்வாகனங்கள் நமக்குத் தேவை. ஒவ்வொரு தீ விபத்தும் அந்த மாற்றத்தின் மீதான மக்களின் நம்பிக்கையைக் குலைக்கிறது. பாதுகாப்பு விதிகள் இத்தொழிலுக்குச் சுமையல்ல, அதன் முதலீடு.

அந்தக் காவலாளியின் கேள்விக்கு அன்று என்னால் முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. பேட்டரியை வாசலிலிருந்து அகற்றி அறைக்கு வெளியே வையுங்கள், அந்தப் பழைய சார்ஜரை உடனே மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். 'இந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்' என்று அவரிடம் சொல்லக்கூடிய நாளை உருவாக்க வேண்டியது அரசின் கடமை. ஊருக்கெல்லாம் வாகனம் செய்து அனுப்பும் வட்டாரத்தில் உழைப்பவர்கள், தாங்கள் ஏறிச் செல்லும் வண்டியைக் குறித்து அஞ்சாமல் உறங்கும் உரிமையையாவது பெற வேண்டாமா?